ரயிலை யார் கட்டினார்கள்?

ரயில் வந்து நிற்கும்வரை அவள் நன்றாகத்தான் படிப்பாள். ரயில் நின்றதும் அவளும் நின்றுவிடுவாள்.

அந்தமான் தீவுகளில் ஒன்றான லாங் ஐலண்டில் எங்கள் பள்ளிக்கூடத்தின் தமிழ்ப் பிரிவு என்பது ஓர் அறை, ஒரு கரும்பலகை, ஐந்து வகுப்புகள், நான். ஒன்றாம் வகுப்பு ஜன்னலோரம், ஐந்தாம் வகுப்பு கதவோரம், மற்றவர்கள் நடுவில். பக்கத்து அறையில் இந்திப் பிரிவு. எங்கள் பிள்ளைகள் விளையாடுவது இந்தியில், சண்டை போடுவது இந்தியில், வீட்டில் அடி வாங்குவது தமிழில். தமிழ் என்றாலே அடியும் பாடமும்தான் என்று அவர்கள் நினைத்துக்கொண்டால் அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? அந்தத் தமிழில் அவர்களைப் படிக்க வைத்து, போதாததற்குப் புத்தகத்தின் மேல் ஆசையும் வர வைக்க வேண்டும் என்பது எனக்கு இட்ட வேலை. எனக்கோ மூக்கு நுனியில் கோபம். ஆசை வர வைக்கிற முகம் இது இல்லை என்று என் வீட்டுக்காரரே சொல்லியிருக்கிறார்.

அவள் மூன்றாம் வகுப்பு. எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய இரட்டைப் பின்னல், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை, எதையும் ஒருமுறை சந்தேகமாகப் பார்த்துவிட்டுத்தான் தொடுகிற கை. சத்துணவில் போடுகிற முட்டையைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

எங்கள் வாசிப்புப் புத்தகம் மெயின்லேண்டில் அச்சாகி, கப்பலில் போர்ட் பிளேர் வந்து, அங்கிருந்து படகில் ஏறி, வழியில் கொஞ்சம் நனைந்து எங்களிடம் வந்து சேர்ந்தது. போர்ட் பிளேருக்குப் பெயரை மாற்றிவிட்டார்கள். எங்கள் வாயை இன்னும் மாற்ற முடியவில்லை. அந்தப் புத்தகத்தில் மூன்றாம் வகுப்புக்கு ஒரு ரயில் பாடம். அண்ணனும் தங்கையும் ரயிலில் மாமா ஊருக்குப் போகிறார்கள். ஜன்னல் வழியாக வயலைப் பார்க்கிறார்கள், ஆற்றைப் பார்க்கிறார்கள், மாட்டு வண்டியைப் பார்க்கிறார்கள். அதுவரை அவள் கணீரென்று வாசிப்பாள். பிறகு வருவது இது: "மாமாவின் ஊர் வந்தது. ரயில் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். மாமா இட்லிப் பொட்டலத்தோடு காத்திருந்தார்."

"ரயில் நின்றது" என்பாள். அவ்வளவுதான். வாய் பூட்டிக்கொள்ளும். விரல் மட்டும் அந்த வரியின் கீழேயே இருக்கும்.

நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். 'இறங்கினார்கள்' நீளமான வார்த்தை, அதில் பயந்துவிட்டாள் என்று நினைத்து அட்டையில் எழுதித் துண்டு துண்டாக வெட்டிச் சேர்க்கச் சொன்னேன். மற்றவர்கள் ஒரு துண்டைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் சேர்த்து வைத்துவிட்டாள். கரும்பலகையில் எழுதிப் படிக்கச் சொன்னேன். படித்தாள். கண்ணில் கோளாறோ என்று ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் சுவரில் தொங்கிய எழுத்தையெல்லாம் படிக்கச் சொன்னார். அவள் அதைப் படித்து, அதற்குக் கீழே ஒட்டியிருந்த கொசு விளம்பரத்தையும் இந்தியில் படித்துவிட்டு வந்தாள். திரும்பி வந்து புத்தகத்தைத் திறந்தால் "ரயில் நின்றது." பூட்டு.

மற்றப் பாடங்களிலும் இதே கதைதான். ராஜா விருந்து கொடுக்கிற பாடத்தில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த இடத்தில் நிற்பாள். பூனை பால் குடிக்கிற பாடத்தில் பூனை வாய் வைக்கிற வரிக்கு முன்னால் நிற்பாள். எங்கே நிற்கப்போகிறாள் என்று சொல்லவே முடியாது. நானும் தாஜா செய்து பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன். மிரட்டினால் தலையைக் குனிந்துகொண்டு டெஸ்க்கில் இருக்கிற ஓட்டையில் பென்சிலை விட்டு எடுத்துக்கொண்டிருப்பாள். எனக்கு ரத்தம் கொதிக்கும்.

இதற்கிடையில் அவள் அம்மா வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து கல்யாணமாகி வந்தவர். பேசத் தொடங்கினால் எதிரில் இருப்பவர் பேச இடம் வைக்க மாட்டார்.

"டீச்சர், போன வருசம் வந்த ஆபீசர் இவளுக்குப் படிக்கத் தெரியாதுன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. ஊரெல்லாம் கேக்குது. இந்தத் தடவயும் அப்பிடி எழுதுனாவன்னா போர்ட் பிளேர்ல என் தங்கச்சி வீட்டுல கொண்டு விட்டுருதேன். அங்க இங்கிலீஷ் மீடியம் இருக்கு, ட்யூஷன் இருக்கு. இங்கன கெடந்து படக வேடிக்க பாத்தே நாசமாப் போறா."

பக்கத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற மகள் அழவில்லை. படகுத்துறையைப் பற்றி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சித்தி வீட்டுலேருந்து ஜெட்டி தெரியுமாம்மா?"

"அபர்டீன் பஜார்ல மாடி வீடு. ஆட்டோ தெரியும், கடை தெரியும். ஜெட்டி எதுக்கு ஒனக்கு?"

அவள் கதவில் உரிந்திருந்த பச்சைப் பெயிண்டை நகத்தால் இன்னும் கொஞ்சம் உரித்தாள். அவள் அப்பாவுக்கு ஜெட்டியில்தான் வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் இவள் நேரே அங்கேதான் ஓடுவாள் என்பது ஊருக்கே தெரியும். அப்பாவை விட்டுப் பிரித்துக் கொண்டுபோய் ஓர் ஆட்டோ சத்தத்தில் வைத்தால் இந்தப் பெண் படிப்பாளா? இருக்கிற நாலு வரியும் போய்விடும். ஆனால் அதிகாரி வருகிற நாளுக்குள் அவளை அந்த ரயிலிலிருந்து இறக்க எனக்கு வழி தெரியவில்லை.

வழி, முட்டைக்கோஸ் வாங்கப் போன இடத்தில் கிடைத்தது.

மௌசம் சரியில்லாமல், காற்றும் மழையுமாக, சில நாட்களாகப் படகு வரவில்லை. தீவில் காய்கறி தீர்ந்து, வீட்டுக்கு வீடு பருப்பு ரசமும் கருவாடுமாக ஓடிக்கொண்டிருந்தது. படகு வருகிறது என்று கேட்டதும் ஊரே பையை எடுத்துக்கொண்டு ஜெட்டிக்கு ஓடியது, நானும் ஓடினேன். கடல் இன்னும் அடங்கவில்லை. படகு ஜெட்டியை ஒட்டி வந்து, ஏறி, இறங்கி, ஒரு முழம் விலகி, மறுபடி ஒட்டியது. உள்ளே இருந்தவர்களுக்கோ நாள் கணக்காகப் பக்கத்துத் தீவில் ரங்கத் ஊரில் மாட்டிக்கொண்ட ஆத்திரம். அவள் அப்பா, கறுத்து ஒடுங்கிய மனிதர், அரைக்கால் சட்டையோடு விளிம்பில் நின்று கயிற்றுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் கூட்டம் காலைத் தூக்கிவிட்டது.

"ருக்கோ! அபீ ரஸ்ஸி நஹி பந்தா!"

கயிறு இன்னும் கட்டவில்லை, நில்லுங்கள் என்று கத்தியது யார் என்று பார்த்தேன். இரட்டைப் பின்னல். வகுப்பில் தலையைக் குனிந்து பென்சிலால் நோண்டுகிற அதே பெண், இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஜெட்டி அதிரக் கத்துகிறாள். ஆச்சரியம், கூட்டம் நின்றது. பருத்த மனிதர் ஒருவர் தூக்கிய காலைத் தூக்கியபடியே வைத்துக்கொண்டார். அப்பா முன்கயிற்றை வாங்கி இரும்புக் கட்டையில் சுற்றினார், ஓடிப்போய்ப் பின்கயிற்றையும் சுற்றினார், கையை உயர்த்தினார். பிறகுதான் அவள் உத்தரவு கொடுத்தாள்.

"ஹாங், அப் உத்ரோ!"

எல்லோரும் இறங்கினார்கள்.

நான் முட்டைக்கோஸை மறந்தேன். 'இறங்கினார்கள்'. நான் அட்டையில் எழுதி, துண்டு துண்டாக வெட்டி, ஆஸ்பத்திரிவரை கொண்டுபோன வார்த்தை இது. நேரே அவளிடம் போனேன்.

"ஏய், ரயில் பாடத்துல ரயில் நின்னதும் நீ ஏன் நிக்கிற?"

"யாரும் கட்டல டீச்சர்."

"எத?"

"ரயில. வந்துச்சாம், நின்னுச்சாம், எல்லாரும் எறங்கிட்டாங்களாம். கட்டாம எப்பிடி எறங்குறது? ஆடுச்சுன்னா நடுவுல விழுந்துருவாங்க. சின்னப் பிள்ளைங்க வேற இருக்கு."

"இத ஏன்டி இவ்ளோ நாளா சொல்லல?"

"நீங்க கேக்கல டீச்சர். இது என்ன எழுத்து, இது என்ன எழுத்துன்னுதான் கேட்டீங்க."

அப்பா கயிற்றின் நுனியைச் சுருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். மகளுக்கு இந்த ஞானம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

"அண்ணே, ரயிலக் கட்டுவாங்களா என்னா?"

"கெட்டாமலா டீச்சர்?" என்றார், நான் ஏதோ சோறு வேகுமா என்று கேட்டுவிட்டதுபோல. "இந்தா இத்தினிக்கூண்டு போட்டு. இதுக்கே முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணு போடுதோம். ரயிலு எம்புட்டு நீளம்! நாலஞ்சு கயிறாவது வேணும்."

"நீங்க ரயிலப் பாத்திருக்கீங்களா?"

"படத்துல பாத்திருக்கேன்."

"படத்துல கட்டுறாங்களா?"

"படத்துல படகே வந்தாலும் என்னயவா காட்டப் போறான்?"

நான் பையோடு படகுப் பக்கம் திரும்பினேன். நல்ல முட்டைக்கோஸெல்லாம் அதற்குள் போய்விட்டது.

மறுநாள் வகுப்பில் இதை ஒரு கை பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். ஆனால் எனக்கே ரயில் அவ்வளவு பழக்கமில்லை. நான் பிறந்தது இந்தத் தீவுகளின் ரப்பர் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கப்பலும் ரயிலும் மாறி மாறி ஏறி வந்தவர்கள். ரயில் எப்படி இருந்தது என்று கேட்டால் அப்பா "கூட்டம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். நான் மெயின்லேண்டுக்கு ஒருமுறை போனபோது ரயிலில் ஏறியது உண்மை. நான் பார்த்தது முன்னால் நின்றவரின் முதுகைத்தான்.

"ரயிலுக்கு பிரேக் இருக்கு" என்று ஆரம்பித்தேன்.

"இருக்கட்டும் டீச்சர். யாரு போட்டா?" என்றாள் அவள். "ரங்கத் பஸ்ஸுல டிரைவர் போடுறாரு. இதுல ரயில் நின்னதுன்னு இருக்கு. அது தானா நின்னுச்சா?"

வகுப்பில் ரயில் ஏறியவன் ஒருவன் உண்டு. சென்னைக்குப் போய் வந்ததிலிருந்து மெயின்லேண்ட் விஷயம் எதுவானாலும் அவன்தான் தீர்ப்புச் சொல்வான். அவன் எழுந்து, "நான் ரயில்ல போயிருக்கேன். யாரும் கட்டல" என்றான்.

"எறங்கும்போது பாத்தியா?"

"எங்கம்மா தூக்கிட்டு எறங்குனாங்க. நான் தூங்கிட்டிருந்தேன்."

"தூங்குனவன் பேச வந்துட்டான்" என்று அவள் சொல்ல, ஐந்தாம் வகுப்புவரை சிரித்தது. அவன் முகம் சிவந்துபோய், மற்றப் புத்தகங்களில் எல்லாம் சரியாக இருக்கிறது, இவள்தான் வம்பு என்றான். இருக்கிறதா பார்க்கலாம் என்றாள் அவள். அன்றைக்கு ஆரம்பித்தது வினை.

அறை மூலையில் ஒரு தகரப் பெட்டி நிறையக் கதைப் புத்தகங்கள் உண்டு. அதைத் திறக்க நான் எத்தனையோ ஆசை காட்டியிருக்கிறேன், யாரும் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது மூடி திறந்தபடியே கிடந்தது. எந்தப் புத்தகத்தில் எதை விட்டுவிட்டார்கள் என்று கண்டுபிடிக்கத்தான் அத்தனை வேகம். ராஜா விருந்து கொடுத்தாரே, பாத்திரத்தை யார் கழுவினார்கள்? பூனை பால் குடித்ததே, மூடாமல் வைத்துவிட்டுப் போனது யார்? மழையில் நனைந்து காய்ச்சல் வந்த குழந்தை மறுநாள் எழுந்து விளையாடியதே, மருந்து கொடுத்தது யார், ஆஸ்பத்திரி திறந்திருந்ததா? ஓர் இளவரசன் ஏழு கடலைத் தாண்டிப் போகிற கதையைப் படித்துவிட்டு ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள்கூடக் கொதித்துப்போனார்கள்.

"ஏழு கடலுக்கும் டிக்கெட் எப்பிடி டீச்சர் கெடச்சுது? மௌசம் ஒரு தடவகூடவா கராப் ஆகல?"

எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள் தெரிந்தவர்களிடம் போய், அந்த வரியைக் காட்டு, நானே பார்க்கிறேன் என்று சண்டை போட்டார்கள். காட்டினால் மட்டும் போதாதே, படிக்க வேண்டுமே. அதற்காகப் படித்தார்கள். படிக்கிற ஆசை வேறு எப்படியெல்லாமோ வரும் என்று எனக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எழுதினவரைக் கையும் களவுமாகப் பிடிக்கிற ஆசையில் வரும் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு உள்ளூரச் சந்தோஷம் தாங்கவில்லை. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் இன்னும் நாலு கேள்வி வரும்.

எல்லாம் சரி. ஆனால் இதற்கெல்லாம் காரணமானவள் மட்டும் ரயிலை விட்டு நகரவே இல்லை. மற்றக் குற்றங்களையெல்லாம் அவள் ஒருவழியாக மன்னித்துவிட்டாள். பாத்திரம் கழுவாவிட்டால் நாளைக்குக் கழுவிக்கொள்ளலாம். கட்டாமல் இறங்கினால் ஆளே போய்விடுவான் என்பது அவள் கட்சி. நானும் இல்லை என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் கட்டுவார்கள் என்று அவள் அப்பா சொல்லியிருக்கிறார். முதுகை மட்டும் பார்த்த டீச்சர் பெரிதா, அப்பா பெரிதா?

வாசிப்புப் பரிசோதனைக்கு அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. மூன்றாம் வகுப்புக்கு ரயில் பாடம்தான் என்று அதிலேயே இருந்தது. அவளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அன்னிக்கு ஒருநாள் மட்டும் நிக்காம படிச்சிரு தங்கம். இல்லாட்டி அம்மா ஒன்னய சித்தி வீட்டுக்கு அனுப்பிருவாங்க. தெரியும்ல?"

அவளுக்குத் தெரியும். கண் கலங்கியது. ஆனாலும் சொன்னது, "பாக்கலாம் டீச்சர்."

அதிகாரி வந்த அன்றும் கடல் நல்ல மூடில் இல்லை. அவர் மதுரைப் பக்கத்துக்காரர், தீவுக்கு வந்து அதிக நாளாகவில்லை. வரவேற்க ஹெட்மாஸ்டரும் நானும் ஜெட்டியில் நின்றோம். படகின் விளிம்பில் நின்ற அவர் முகம் வாழை இலை நிறத்தில் இருந்தது. பிள்ளைகளெல்லாம் வகுப்பில் இருந்ததால் 'ருக்கோ' சொல்ல ஆள் இல்லை. ஜெட்டியைக் கண்டதும் மனிதர் பொறுக்கமாட்டாமல் காலை எடுத்து வைத்துவிட்டார். படகு விலகியது. அவள் அப்பா ஒரு கையில் கயிறும் ஒரு கையில் அதிகாரியின் சட்டைக் காலருமாக ஒரு நிமிஷம் நின்றதை நான் பார்த்தேன். எதை முதலில் இழுப்பது என்று யோசித்திருக்கலாம். அதிகாரியை இழுத்துப் போட்டுவிட்டு, கயிற்றைக் கட்டப் போனார்.

இரண்டு இளநீருக்குப் பிறகு அதிகாரி ஆளானார். பரிசோதனை ஆரம்பித்தது. பிள்ளைகள் படிக்கும்போது டீச்சர் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ரயிலில் தூங்கியவன் வந்தான், மாமா ஊரைத் தாண்டி இட்லிவரை கடகடவென்று படித்துவிட்டுப் போனான். அடுத்து அவள். ஜன்னலுக்கு வெளியே அவள் அம்மா வந்து நின்றுவிட்டார்.

வயல் போனது, ஆறு போனது, மாட்டு வண்டி போனது. "மாமாவின் ஊர் வந்தது. ரயில் நின்றது."

நின்றாள்.

"ம், அடுத்தது?" என்றார் அதிகாரி. பிறகு, "எழுத்துக் கூட்டிப் படிம்மா. இ... ற..." என்றார். நான் இத்தனை நாள் செய்த அதே கூத்து. அவள் படித்துவிடத்தான் பார்த்தாள், உதடு அசைந்ததை நான் பார்த்தேன். வார்த்தை வரவில்லை. அவர் பேனா மூடியைத் திருகித் திறந்தார். ஜன்னலில் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

கத்தியது ரயிலில் தூங்கியவன். "சார், அவளுக்குத் தெரியும் சார்! அவ படிக்கமாட்டா!"

அதிகாரி நிமிர்ந்தார். "ஏன்மா படிக்கமாட்ட?"

நான் மாதக்கணக்கில் கேட்காத கேள்வியை அந்த மனிதர் வந்த நாளிலேயே கேட்டுவிட்டார்.

"இன்னும் கட்டல சார்."

"எத?"

"ரயில." வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ஆமாம் என்பதுபோல் அவரையே பார்த்தார்கள். "கட்டாம எறங்குனா என்ன ஆவும்னு உங்களுக்கே தெரியும் சார். காலைல எங்கப்பா உங்கள தூக்குனாருல்ல? பாத்தவங்க சொன்னாங்க."

அதிகாரியின் கை தானாகக் காலருக்குப் போனது. "அது உங்கப்பாவா?"

"ஆமா சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். சரி, முடிந்தது, இது வாசிப்பில்லை அதிகப்பிரசங்கம் என்று எழுதப்போகிறார் என்று நினைத்தேன். அவர் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி அந்த வரியைப் படித்தார்.

"ஸ்டேஷன்ல ஆளு எறங்குற நேரத்துக்கு டிரைவர் பிரேக்கே போதும்மா" என்றார். அவள் முகம் விழுந்தது. "ஆனா ரயில் ராத்திரி முழுக்க ஒரு எடத்துல நிக்கணும்னா சும்மா விட்டுட்டுப் போக மாட்டாங்க. சக்கரத்துக்கு அடியில கட்டை வைப்பாங்க. சங்கிலியப் போட்டு தண்டவாளத்தோட சேத்துப் பூட்டுவாங்க. இல்லேன்னா தானா உருண்டு போயிரும். எங்கப்பா ரயில்வேல அந்த வேலதான் பாத்தாரு. அந்தச் சங்கிலிய இழுத்து இழுத்து அவரு உள்ளங்கையெல்லாம் காச்சுப்போய்க் கெடக்கும். சின்னதுல என் கன்னத்துல கை வச்சா உப்புத்தாள் மாதிரி இருக்கும்."

அவர் நிறுத்தி, மூக்கை உறிஞ்சினார். "நானும் எத்தனையோ புஸ்தகம் படிச்சிட்டேன். ஒண்ணுலயும் இது வரல."

அவள் விரல் மறுபடி அந்த வரிக்குப் போனது.

"அப்போ கட்டுவாங்க" என்றாள்.

"கட்டுவாங்க."

"எழுதுனவருக்குத் தெரியல."

"தெரியாம விட்டுட்டாரு போல."

அவள் எழுதினவரை மன்னித்தாள். புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து, ஜெட்டியில் கத்துகிற அதே குரலில், "எல்லோரும் இறங்கினார்கள்!" என்று உத்தரவு கொடுத்தாள். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. திரும்பி நின்று, ஏற்கெனவே துடைத்திருந்த கரும்பலகையைத் துடைத்தேன். பின்னால் மாமா இட்லிப் பொட்டலத்தோடு காத்திருக்கிற இடம் வந்தது. அங்கே அவள் குரல் லேசாகத் தயங்கியது. நான் திரும்பி ஒரு முறை முறைத்தேன். அவசரமாகப் படித்து முடித்துவிட்டாள்.

வெளியே வந்த அதிகாரியை அம்மா வழிமறித்தார்.

"ஒங்க பொண்ணு நல்லா வாசிக்கிறாம்மா. கேள்வி கேட்டு வாசிக்கிறா."

"கேள்விதான சார்? வீட்டுலயும் அதே தொல்லதான்" என்றார் அம்மா. ஆனால் முகமெல்லாம் பல். பிறகு என் பக்கம் திரும்பி, "தங்கச்சி வீட்டுக்கு லீவுக்கு வேணா போயிட்டு வரட்டும் டீச்சர்" என்றார், அந்தப் பேச்சையே நான்தான் எடுத்ததுபோல.

சாயங்காலப் படகுக்கு அதிகாரியை வழியனுப்பப் போனோம். படகு வந்து ஒட்டியது. முண்டியடித்தவர்களையெல்லாம் முன்னே விட்டுவிட்டு அவர் கையைக் கட்டிக்கொண்டு தள்ளியே நின்றார். அவள் அப்பா முன்கயிற்றைச் சுற்றிவிட்டுப் பின்கயிற்றில் குனிந்திருந்தார். அவள் புத்தகப் பை முதுகில் குதிக்க ஓடி வந்தாள்.

"அப்பா! ரயிலயும் கட்டுவாங்களாம்! சங்கிலி போட்டு!"

"பின்ன? கெட்டாமலா விடுவான்?" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

"சாரோட அப்பாதான் கட்டுவாராம்."

கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. அவர் நிமிர்ந்து அதிகாரியை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். காலையில் காலரைப் பிடித்துத் தூக்கிய மனிதர், கையைச் சட்டையில் நன்றாகத் துடைத்துவிட்டு, "கெட்டியாச்சு சார், வாங்க" என்று நீட்டினார். அதிகாரி அந்தக் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் தடவிப் பார்த்துவிட்டு ஏறினார்.